மொஸ்கோ மசூரும் வெட்டு மெஷினும்

தூரத்து நிபுணர் என்றோர் இனம் நம் ஊர்களில் பெருகி வருகிறது. காலடியில் கிடப்பதை இவர்கள் அறியார். தப்பித்தவறி அறிந்துவிட்டால் அதைக் கௌரவக் குறைவாக எண்ணுவார்கள்.

கல்முனைக் கலாநிதி மசூரைப் பாருங்கள். மொஸ்கோவில் ஏழு குளிர்காலம் கிடந்து, கிழக்கிலங்கையின் நெல் பொருளாதாரம் பற்றி ஆய்வேடு எழுதினார். அங்கே நெல்வயலைக் கண்டவர் எவருமில்லை என்பதால் பட்டம் கிடைத்தது. ஊர் திரும்பி, ரஷ்யக் கோதுமையின் பொருளாதார வரலாற்றைப் போதித்தார். இங்கே கோதுமை விளையக் கண்டவர் யார்? பேராசிரியரானார். இரண்டு தேசமும் ஒன்றோடொன்று கதைக்காதவரை அவருக்கு ஆபத்தில்லை.

கலியாண வீட்டில் பலர் கூடி உண்ணும் சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தாலும் பேச்சு ரஷ்யக் குடியானவனைப் பற்றித்தான். பண்ணையடிமை ஒழிப்புக்கு அவர் வந்து சேர்வதற்குள் சகனில் இறைச்சி ஒழிந்திருக்கும்.

இந்தப் போகம், மனைவி ஜுனைதாவின் சீதனக் காணி பழுத்து நின்றது. வெள்ளாமை பார்க்கும் மச்சான் மக்காவுக்கு உம்றாப் பயணம் போயிருந்தார். வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

"இஞ்ச பாருங்க, மெஷின்காரன் வயலடியில நிக்கான். 'ஓம், வெட்டு' எண்டு செல்லிட்டு வாங்க. வேற ஒண்டும் கதைக்காதீங்க. நம்மட வருசத்துச் சோறு அதுக்குள்ளதான் இரிக்கி."

போனார். மெஷின்காரன் சுஜிந்தன் மெஷினை உறுமவிட்டபடி, "சேர், வெட்டவா? இல்லாட்டி வீரமுனையில கூப்பிடுறாங்க" என்றான்.

'ஓம்' மசூரின் தொண்டைவரை வந்தது. ஆனால் முன்னுரை இல்லாத ஓம் என்ன ஓம்? படித்த மனிதர் ஒற்றைச் சொல்லிலா பதில் சொல்வது?

"தம்பி, வயலுக்கு மெஷின் வந்த கத தெரியுமா? ரஷ்யாவுல..."

கூட்டுப்பண்ணைகளைத் தொடும்போது மூக்குக் கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. துடைத்துப் பார்த்தார். மெஷின் வீரமுனை றோட்டில் ஏறியிருந்தது.

"சேர், மறுகா கதைப்பம்!"

ஒரு கிழமை அடைமழை. கதிரெல்லாம் தண்ணீரில் படுத்து முளைத்தது. ஜுனைதா நெல்லுக்கு வைத்திருந்த வெறுஞ்சாக்குகளை மடித்து வைத்தாள். பிறகு ஒரே கேள்விதான்: "இனி என்னத்தத் தின்னுற?"

மசூர் மடிக்கணினியிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. முளைத்த கதிரின் படத்தை ஒட்டி, கட்டுரைக்குத் தலைப்பு இட்டுக்கொண்டிருந்தார்: 'அறுவடை இழப்பும் முடிவெடுப்பதில் விவசாயிகளின் தாமதமும்'.

கொழும்பு மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். 'இப்படி ஒருவரை எனக்கும் தெரியும், அது பெரிய கதை' என்று பக்கத்திலிருப்பவரிடம் தொடங்கியும் விட்டீர்கள். கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாரோ வெகுநேரமாக ஒரு சொல் பதிலுக்காக நிற்கிறார்.