மாதையன் வீட்டு விசில்

பெண்டாட்டியிடம் அடி வாங்கும் புருஷன்கள் எந்த ஊரிலும் உண்டு. பாப்பிரெட்டிப்பட்டி மாதையன் கேட்டு வாங்குகிறவன். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது, குள்ளம்மாளுக்கும் பிடித்துப்போனது. டிவி இன்னும் அந்தத் தெருவை எட்டிப் பார்க்காத எண்பத்திரண்டாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்தி, ரேடியோவில் நேயர் விருப்பத்தைச் சத்தமாக வைத்தால், பனை விசிறியின் காம்பு வேலையை ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டு ராமக்காள் கேட்டால் மெத்தை தட்டுவதாகச் சொல்வார்கள்.

"வாரா வாரம் தட்டறீங்களே, உள்ள பஞ்சு மிச்சமிருக்குதா?" என்று அவள் ஒருநாள் கவலைப்பட்டாள்.

மாதையன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எதிலும் ஒழுங்கு வேண்டும் அவனுக்கு. குள்ளம்மாளோ பாதி அடியில், "சாயங்காலம் ரசமா, கொழம்பா?" என்று கேட்பாள். பொறுத்துப் பார்த்தான். கடைசியில் சட்டம் போட்டுவிடுவது என்று முடிவு கட்டினான்.

"இந்தா பாரு. தொடப்பத்தத் தொடவே கூடாது. அது அடியில்ல, அவமானம்."

"விசிறிதானுங்களே எடுக்கறேன்."

"இடுப்புக்கு மேல ஒண்ணும் படக்கூடாது. மொதல்ல மெதுவா, அப்பறம் போகப்போக. நடுவுல சிரிக்கக் கூடாது."

"நீங்க மூஞ்சிய அப்பிடி வெச்சுக்கிட்டா நா என்னங்க பண்றது?"

"அய்யோ அம்மான்னு கத்துனா நிறுத்தாத. அது ஒரு ருசிக்குக் கத்தறது."

"அப்ப நெசமா வலிச்சா எனக்கு எப்பிடிங்க தெரியும்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதையன், சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தான்.

"ஒரு விசில் குடுத்தா நிறுத்தணும். டிரைவர் ஏன் எதுக்குன்னு கேப்பாரா? மொதல்ல பிரேக்கு! ஒடனே போர்வ போத்தி உக்கார வெச்சு, சூடா காப்பி போட்டுக் குடுக்கணும். அதப் பத்தி மறுபேச்சே கூடாது."

"எனக்குப் போதும்னா நானும் ஊதலாமில்லீங்க?"

"தாராளமா. விசிலுக்கு ஆணென்ன, பொண்ணென்ன?"

சட்டம் அருமையாக ஓடியது. ஒரு தடவை காம்பு சுள்ளென்று விழுந்தது. ஊதினான். அடி நின்றது, போர்வை வந்தது, காப்பி வந்தது, கேள்வி மட்டும் வரவில்லை. இப்படி ஒருத்தி யாருக்கு வாய்ப்பாள் என்று மாதையனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஆடி பிறந்தது. காவிரியில் வெள்ளம் வந்து, ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்திவிட்டார்கள். பரிசல் ஓட்டும் மச்சினன் சென்னப்பனுக்கு வேலை இல்லை.

"தம்பி வெள்ளம் வடியறவரைக்கும் நம்ம வூட்டுலயே இருக்கட்டுங்க" என்றாள் குள்ளம்மாள்.

மாதையன் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தான். இருப்பதே ஒற்றை அறை. மச்சினன் நடுவில் பாயைப் போட்டுப் படுத்தால் ஞாயிற்றுக்கிழமை என்னாவது?

"முடியவே முடியாது!"

"ஏனுங்க?"

"ஏன்னா கேக்கற? ஒனக்குத் தெரியாதா? வூடு இருக்கற லட்சணத்துல அவன எங்க படுக்க வெக்கறது? போன தடவ வந்தவன் பொங்கல் முடிஞ்சுதான் போனான். இந்த தடவ நா விடமாட்டேன், ஆமா! எவன் வந்து சொன்னாலும்..."

குள்ளம்மாள் ஆணியில் தொங்கிய சட்டைப் பைக்குள் கையை விட்டாள். நீளமாக ஒரு விசில்.

மாதையன் பாதி வார்த்தையில் நின்றான்.

"அடியே, இது அதுக்கில்ல!"

"எனக்குப் போதும்னா ஊதலாம்னு சொன்னீங்களே. மறுபேச்சுப் பேசறீங்க பாருங்க."

கோபம் வந்தது. அதைவிடப் பயம் அதிகமாக வந்தது. இன்றைக்கு இவள் விசிலை அவன் மதிக்காவிட்டால், நாளைக்குப் பாயில் குப்புறக் கிடந்து அவன் ஊதும்போது இவள் ஏன் மதிக்க வேண்டும்? அப்புறம் எந்த நம்பிக்கையில் முதுகைக் காட்டிப் படுப்பது?

போர்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினான். அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினான்.

"காப்பிய ரெண்டு டம்ளரா போடுங்க" என்றாள் குள்ளம்மாள். "தம்பி காத்தாலயே வந்து ராமக்கா வூட்டுல உக்காந்திருக்கறான்."