ஏலத்தில் விருப்பம்

மனிதகுலத்தை உயர்த்தியவை மூன்று: நெருப்பு, சக்கரம், தொழில் ஆலோசனை. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் பெயர் தெரியவில்லை. மூன்றாவது 1956-ல் போடிநாயக்கனூருக்கு வந்தது அடியேனால்தான். வந்த மாதமே வேலுத்தாயைத் தவறுதலாக மலைக்கு ஏற்றிவிட்டேன்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய அந்தக் கூலிக்காரர் மகள், நான் கொடுத்த தொழில் அட்டையில் 'விரும்பும் தொழில்' என்ற கட்டத்தில் 'ஏலம்' என்று எழுதியிருந்தாள். ஆழ்ந்து ஆலோசித்தேன். போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்தில் காய் பறிக்க அனுப்பினேன். மறுநாள் காசிராஜன் காரில் வந்து இறங்கினான். மூன்று முறை பரீட்சையில் தவறியவன். அவனும் 'ஏலம்' என்றே எழுதினான். அவனை, ஏலக்காயை ஏலம் விடும் கூடத்துக்குக் குமாஸ்தாவாக அனுப்பினேன்.

என்னை அனுப்பிய தலைமைச் சங்கத்துக்கு அறிக்கையும் போயிற்று: "பெண்கள் உயர்வு: நாலாயிரம் அடி." பாராட்டுக் கடிதம் வந்தது. கூடவே ஏலக்கூடத்து முதலாளி ராக்கையாவும் வந்தார்.

"என்னய்யா ஆளு அனுப்புனீக? ஏலம் கேட்டவுக பேரை எழுதுடான்னா, காப்பி கேட்டவுக பேரை எழுதி வச்சிருக்கான்! வீட்டுக்கு அனுப்பிட்டேன். நாளைக்குள்ள எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளு வரணும். இல்லேன்னா என் மச்சினனை ஒக்கார வச்சிருவேன்."

எழுதப் படிக்கத் தெரிந்த என் ஒரே ஆள் நாலாயிரம் அடி உயரத்தில் இருந்தாள். ஜீப்பு பிடித்து மலையேறினேன். வேலுத்தாய் ஏலச்செடிக்கு அடியில், மழைச் சேற்றில் குனிந்திருந்தாள்.

"உன் தொழில் அட்டையைக் கொண்டாம்மா, திருத்தித் தர்றேன்."

"எந்த அட்டைய்யா? நீங்க குடுத்தது ஒண்ணு. கால்ல ஏறுனது ஏழு. ஏழுக்கும் சுண்ணாம்பு தடவியாச்சு."

"வெரசா ஜீப்பில ஏறு. ஏலக்கூடத்துல குமாஸ்தா வேலை இருக்கு."

கூடையை இறக்கி வைத்தவள், கையைக்கூடக் கழுவாமல் ஏறிக்கொண்டாள். இறக்கத்தில் நான் தமிழ்மொழியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன்.

"பாரும்மா, நீயும் 'ஏலம்'னு எழுதினே, காசிராஜனும் 'ஏலம்'னு எழுதினான். ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தம். நான் என்ன செய்ய? நீ கொஞ்சம் விளக்கமா எழுதியிருக்கலாம்."

"காசிராஜன் விளக்கமா எழுதுனாரா?"

"இல்லை."

"பெறகு அவருக்கு மட்டும் எப்படிய்யா சரியான அர்த்தம் வந்துச்சு?"

நான் வளைவுகளை எண்ணுவதுபோல் வெளியே பார்த்தேன். பிறகு, அந்தப் பாராட்டுக் கடிதம் பையில் இருந்த தைரியத்தில், "நீதான் சொல்லேன்" என்றேன்.

"அவருக்கு, அவரு வந்து எறங்குன காரை வாசிச்சீக. எனக்கு, எங்கப்பன் பாக்குற கூலிச் சோலிய வாசிச்சீக. எழுதியிருந்ததை நீங்க வாசிக்கவே இல்லைய்யா."