கைராசியும் கண் அழுத்தமும்

"இருபத்தெட்டு!" என்றார் டாக்டரம்மா. கண் அழுத்தம் அளக்கும் கருவியை நாயின் கண்ணிலிருந்து எடுத்தவர், நாயைப் பிடித்திருந்த உதவியாளரை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன வாரம் வரைக்கும் பதினாறுதான் மேடம்."

பதினைந்து வருடத்தில் ஒரு நாய்கூட அந்த உதவியாளரின் பிடியில் சிணுங்கியதில்லை. அதனால் அந்தக் கால்நடைக் கண் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கைராசி என்றே பெயர்.

டாக்டரம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கைராசி சாப்பாட்டை மறந்துவிடுவார். பருவத்துக்கு வரும் பெண் நாயின் ஹார்மோன் அதன் கண் அழுத்தத்தை மாற்றுகிறதா என்று இரண்டு வருடமாக அலுக்காமல் தேடுகிற மனுஷி. வயது, எடை, கழுத்துச் சுற்றளவு, கடைசியாகப் பருவம் வந்த தேதி எல்லாம் நோட்டில் ஏறும். வீட்டுக்காரர்களைக் குடைந்து தேதி வாங்குவது கைராசியின் பொறுப்பு. தெரியாது என்று சொல்லிவிட்டு யாரும் அவரிடம் தப்பிவிட முடியாது.

ஆனால் ஒரு வாரமாக எல்லாம் தலைகீழ். பெண் நாய்கள் சமர்த்தாக உட்கார்ந்திருக்க, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சேர்த்த ஆண் நாய்களுக்கெல்லாம் அழுத்தம் எகிறியது.

"திமிறினா கழுத்துப் பட்டை இறுக்கும், கண் அழுத்தம் ஏறத்தான் செய்யும். ஆனா இது ஏன் இந்தத் திமிறு திமிறுது?"

"என்மேல பாசம் மேடம்," என்றார் கைராசி. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். அவர் பிடித்திருந்த நாய், யாரோ ஒரு தையற்காரரின் முரட்டு நாய், அவர் சட்டையை மோந்து மோந்து உருகிக்கொண்டிருந்தது.

பட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். நாய் அவர்மேல் பாய்ந்தது. விழாமலிருக்க அதைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"முப்பத்தொண்ணு," டாக்டரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கும் இப்படித்தான்னா, ரெண்டு வருஷ உழைப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான்."

கைராசிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள், பட்டை உறுத்தாமல் இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து மெத்தென்ற பழைய துண்டைக் கொண்டுவந்து நாயின் கழுத்தில் சுற்றினார். அவ்வளவுதான், நாய்க்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து அமுக்கினார்கள்.

"முப்பத்தாறு."

டாக்டரம்மா நோட்டை மூடினார். "நீங்க வருத்தப்படாதீங்க. உங்களை மாதிரி அக்கறையா யாரு பார்த்துக்குவாங்க?"

அதைக் கேட்டதும் கைராசிக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அப்போது, மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே வந்தாள் அவர் மனைவி. தரையில் விழுந்த துண்டில் புரண்டுகொண்டிருந்த நாயைப் பார்த்ததும் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

"அய்யோ, இதையா எடுத்துட்டு வந்தீங்க? நம்ம வீட்டு நாய் பருவத்துக்கு வந்து எட்டு நாளாச்சு, உங்க சட்டைமேலயும் இந்தத் துண்டுமேலயும்தானே படுத்துக் கிடக்கு!"