மூன்று பேருக்கும் எண்பத்தேழரை

கரும்பலகையில் ஒரு முக்கோணத்தின் மூன்றாவது பக்கத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது, டீச்சரின் கைப்பை ஒன்பதாவது முறையாக உறுமியது. எடுத்துப் பார்த்தார். ஏரிக்கரை வீட்டில் தங்கியிருக்கும் விருந்தினர் வெந்நீர் சுவிட்ச் எங்கே என்று கேட்டிருந்தார். காலையில் வைஃபை பாஸ்வேர்டு கேட்டவரும் அவர்தான். ஏரியில் தவளைகள் ஏன் இவ்வளவு கத்துகின்றன என்று நேற்றுக் கேட்டவரும் அவர்தான்.

அது டீச்சரும் கணவரும் ஆசை ஆசையாக வாங்கிய வீடு. மூன்று அறை, தண்ணீரைப் பார்த்த பால்கனி. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டிருந்தார்கள். பஸ்ஸில் நாலு மணி நேரத் தொலைவு என்பது ஒன்றுதான் குறை. பல்பு எரியவில்லை என்றாலும் ஃபோன், பல்பு அணையவில்லை என்றாலும் ஃபோன்.

டீச்சர் எடுக்காவிட்டால் அடுத்த ஃபோன் கணவருக்குப் போகும். அவர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அன்று ஒரு பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. "கதவுக்குப் பின்னாடி பாருங்க" என்றார். ஃபோனில் இருந்தவர் சுவிட்சைக் கண்டுபிடித்துவிட்டார். பெரியவர் மட்டும் எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் வெகுநேரம் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அந்த ஊர்லயே பொறுப்பா ஒரு ஆளைப் பிடி. இல்லேன்னா நான் கடையை மூடிட்டு அங்க வாட்ச்மேனா போயிடறேன்."

அவசரம் இன்னொன்றும் இருந்தது. பறவை பார்க்கும் குழு ஒன்று அடுத்த மாதம் இருபது நாள் முழு வீட்டையும் கேட்டிருந்தது. உள்ளூரில் கூப்பிட்டால் வர ஆள் உண்டா, இல்லாவிட்டால் வேறு வீடு பார்க்கிறோம் என்று அதன் தலைவர் எழுதியிருந்தார்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து தேடியபோது டீச்சருக்கு ஒரு இணையதளம் மாட்டியது. வீட்டு விவரத்தையும் ஊரையும் போட்டால், அங்கே வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டும். நாம் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஒப்பிட்டுப் பார்ப்பது என்றால் டீச்சருக்கு உயிர். விடைத்தாள் திருத்துவதில் அவர் காட்டும் கறாரைப் பார்த்துப் பிள்ளைகள் அவருக்கு அரை மார்க் டீச்சர் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் கிடைத்தார்கள். ஒருவர் இருபது வருஷம் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்துவிட்டுக் கரையேறியவர். இன்னொருவர் ஏழு வீடுகளை ஒரே ஸ்கூட்டரில் சுற்றி வந்து கவனிக்கும் அம்மா. மூன்றாமவர் ஓட்டல் வரவேற்பறையில் இருந்தவர். புகைப்படத்தில் டை கட்டியிருந்தார், ஃபோனிலும் டை கட்டிக்கொண்டே பேசுவது போலிருந்தது. டீச்சர் இருபது கேள்விகளுக்கு நூறு மார்க் என்று வினாத்தாள் தயாரித்து மூன்று பேரையும் ஃபோனில் வாய்மொழித் தேர்வு நடத்தினார். கூட்டிப் பார்த்தால் மூன்று பேருக்கும் எண்பத்தேழரை.

"மூணு பேருக்கு ஒரே மார்க்னா காப்பி அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்" என்றார் கணவரிடம். "பிராக்டிகல் வெச்சே ஆகணும்."

திட்டம் போட்டபோது டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு ஆளுக்கு ஒரு நாள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவருக்குச் சோதனை. மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சாவி அனுப்பி, அன்றைக்கு ஒரு தம்பதி தங்குவார்கள், நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியாயிற்று. அந்தத் தம்பதி வேறு யாருமில்லை, இவர்களேதான். முகத்தை யாரும் பார்த்ததில்லை. குரல்தான் தெரியும். அதனால் டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்வது, பேசுவதெல்லாம் கணவர் என்று ஏற்பாடு.

"எனக்குப் பொய் வராதே" என்றார் கணவர்.

"நீங்க பொய் சொல்ல வேணாம். நான் எழுதித் தர்றதைச் சொன்னாப் போதும்."

வெள்ளிக்கிழமை கப்பல்காரர் முறை. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று புகார் சொல்வதாக ஏற்பாடு. நல்ல குழாய் தானாகச் சொட்டாதே என்று டீச்சர் அதை லேசாகத் திருகிவிட்டார். லேசாகத்தான். குழாய்த் தலை கழன்று கூரையில் போய் முட்டியது. பதினோரு நிமிஷத்தில் கப்பல்காரர் வந்தபோது வீடு முக்கால் கப்பலாகியிருந்தது. மனிதர் முழங்கால் தண்ணீரில் நின்று, புதுக் குழாய் மாட்டி, எல்லா அறையையும் துடைத்து, நனைந்த படுக்கை விரிப்புகளை எதிரே இருந்த சலவைக் கடையில் போட்டுவிட்டுப் போனார். டீச்சர் நோட்டில் தொண்ணூற்றெட்டு போட்டார். ஸ்பேனரை மறந்து வைத்துவிட்டுப் போனதால் அரை மார்க் குறைத்தார்.

சனிக்கிழமை ஸ்கூட்டர் அம்மா. சாவி தொலைந்துவிட்டது என்று புகார். சாவியைக் குளியலறை ஜன்னல் கட்டையில் ஒளித்து வைத்துவிட்டு டீச்சர் துண்டை எடுத்தார். துண்டோடு சாவியும் வந்தது. வந்த சாவி நேராகத் தண்ணீர் போகும் ஓட்டைக்குள் இறங்கிவிட்டது. ஆக, புகார் உண்மையாகிவிட்டது.

ஸ்கூட்டர் அம்மா பூட்டுக்காரரைப் பின்சீட்டிலேயே உட்காரவைத்துக் கூட்டி வந்தார். தொலைந்த சாவி யார் கையில் இருக்கிறதோ, பூட்டையே மாற்றிவிடுவதுதான் நல்லது என்றார். ஆனால் வீட்டுக்காரரைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று கூடத்தின் நடுவில் நின்றுகொண்டே ஃபோன் போட்டார். சோபாவில் இருந்த கைப்பை உறுமியது.

டீச்சர் பையை அள்ளிக்கொண்டு குளியலறைக்குள் பாய்ந்தார்.

"அவளுக்கு வயிறு சரியில்லை" என்றார் கணவர்.

"தொண்டைன்னு சொன்னீங்களே."

"தொண்டையில ஆரம்பிச்சு இறங்கிடுச்சு."

உள்ளே குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் டீச்சர் பூட்டை மாற்றச் சம்மதம் கொடுத்தார். என்ன மேடம், மழையா என்று ஸ்கூட்டர் அம்மா கேட்டதற்கு, ஆமாம், இங்கே பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது என்றார். வெளியே வந்தபோது புதுப் பூட்டு தயாராக இருந்தது. வயிற்றுக்கு மாத்திரை வேறு மேஜைமேல் இருந்தது. இதற்கு எவ்வளவு மார்க் போடுவது என்று தெரியாமல் டீச்சர் பேனாவைக் கடித்தார். கடைசியில் தொண்ணூற்றேழரை. நேற்றும் அதே தொண்ணூற்றேழரை. சந்தோஷத்தில் அன்று முழுக்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்றுமே முத்தாக இருந்தால் யாரை விடுவது என்று கணவரைப் பிடுங்கி எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை டை கட்டியவர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இன்றைக்கு மின்சாரம் போய்விட்டது என்று புகார். ஒன்பதே முக்காலுக்கு டீச்சர் ஃப்யூஸைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். மின்சாரம் இல்லாவிட்டால் அழைப்பு மணியும் அடிக்காது என்பதை அவர் யோசிக்கவில்லை.

டை கட்டியவர் வந்து மணியை அழுத்தினார். சத்தமில்லை. தன்னிடம் இருந்த சாவியைப் போட்டார். பூட்டு நேற்றே மாறிவிட்டதால் அது திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து, மறந்துபோன ஸ்பேனரை எடுக்கக் கப்பல்காரர் வந்தார். முன்பின் தெரியாத ஒருவர் சாவியை வைத்துக் குடைவதைக் கண்டதும் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். டை வேறு தோதாகக் கைக்குள் வந்தது. இருவரும் இந்த வீட்டுக்கு மேனேஜர் நான்தான் என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, புதுப் பூட்டின் இரண்டாவது சாவியைக் கொடுக்க ஸ்கூட்டர் அம்மா வந்து சேர்ந்தார். அவரும் அதையே சொன்னார்.

ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்ற டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஏங்க, மூணு பேப்பரும் ஒண்ணாக் கலந்துடுச்சுங்க" என்றார்.

வெளியே மூன்று பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வீட்டுக்காரரையே கேட்டுவிடலாம். மூன்று ஃபோன்கள் காதுக்குப் போயின. திறந்திருந்த ஜன்னலுக்கு உள்ளே, ஒரே ஒரு கைப்பை உறுமியது.

டீச்சர் இருட்டுக் குளியலறைக்கு ஓடினார். முதலில் கிடைத்தது டை கட்டியவர். தான் வகுப்பில் இருப்பதாகவும், பிறகு பேசுவதாகவும் டீச்சர் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமையும் கிளாஸா மேடம்?"

"ஸ்பெஷல் கிளாஸ்."

கப்பல்காரரிடமும் ஸ்கூட்டர் அம்மாவிடமும் அதையே சொன்னார். சொல்லி முடித்து வெளியே வந்தால், கணவர் கதவைத் திறந்து மூன்று பேரையும் உட்காரவைத்திருந்தார். மூன்று பேரும் டீச்சரின் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருமல் வந்தது போல் டீச்சர் இருமிவிட்டு, கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தார். ஃப்யூஸ் தரையில் விழுந்து, உருண்டு, டை கட்டியவரின் பளபளக்கும் ஷூவில் இடித்து நின்றது.

அவர் அதைக் குனிந்து எடுத்தார். துடைத்தார். எழுந்துபோய் மீட்டர் பெட்டியில் மாட்டிவிட்டு வந்தார். மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. "வேற ஏதாவது உதவி வேணுமாம்மா?" என்று கேட்டார். டீச்சர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். மூன்று பேரும் எழுந்து, கும்பிட்டுவிட்டு, ஒன்றாகவே படியிறங்கிப் போனார்கள். எதிர்ச் சலவைக் கடை வாசலில் அவர்கள் தலையோடு தலை சேர்த்துப் பேசுவது பால்கனியிலிருந்து தெரிந்தது.

அன்றைக்கு டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று பேருமே கோபித்துக்கொண்டு போய்விட்டால் பறவைக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று புலம்பினார். "உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுடலாம்" என்றார் கணவர். டீச்சர் அதற்கு மார்க் போடவில்லை.

திங்கட்கிழமை காலை மூன்று செய்திகள் வந்தன. கப்பல்காரர் தனக்கு இப்போது வேலைப்பளு அதிகம் என்று பணிவாக ஒதுங்கிக்கொண்டார். டை கட்டியவர் அதையே இன்னும் நல்ல தமிழில் எழுதியிருந்தார். மூன்றாவது, ஸ்கூட்டர் அம்மாவிடமிருந்து. வீட்டை ஏற்றுக்கொள்கிறேன், பறவை பார்க்க வருகிறவர்களை நான் கவனித்துக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாக வகுப்பைப் பாருங்கள் என்று இருந்தது.

டீச்சர் துள்ளாத குறைதான். யாரையும் கழிக்க வேண்டிய சங்கடம் இல்லாமல், முடிவு தானாகவே வந்துவிட்டது. இனி வெந்நீர் சுவிட்சுக்கும் தவளைக்கும் அந்த அம்மா பாடு. பறவைக் குழுத் தலைவருக்கு உடனே பதில் அனுப்பினார். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது வெளுத்த விரிப்புகளைக் கொடுக்க எதிர்க் கடைச் சலவைக்காரர் வந்தார். தொண்டை கட்டியிருப்பதையே டீச்சர் மறந்துவிட்டார். இந்த வீட்டை இனிமேல் ஸ்கூட்டர் அம்மாதான் பார்த்துக்கொள்ளப் போகிறாராமே, உங்களுக்குத் தெரியுமா என்று வாயெல்லாம் பல்லாக விசாரித்தார்.

"தெரியாம என்ன" என்றார் சலவைக்காரர். "நேத்து என் கடையிலதான் மூணு பேரும் உட்கார்ந்து பேசினாங்க. இந்த வீடு யாருக்குன்னு பேசிப் பேசிப் பார்த்தாங்க, ஒத்து வரலை. கடைசியில சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டாங்க."

டீச்சருக்குக் கண் கலங்கியே விட்டது. "கேட்டீங்களா, நம்ம வீட்டுக்கு எவ்வளவு போட்டின்னு" என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சலவைக்காரரிடம் திரும்பினார். "அப்போ, சீட்டுல ஸ்கூட்டர் அம்மா ஜெயிச்சுட்டாங்க."

சலவைக்காரர் விரிப்புகளை எண்ணி மேஜைமேல் வைத்தார்.

"இல்ல டீச்சர். ஜெயிச்ச ரெண்டு பேரும் நிம்மதியா வீட்டுக்குப் போயிட்டாங்க."