சுளகில் புடைத்த வேர்மிகுலைற்

அஜின்கோர்ட், ஸ்காபரோ
ஏப்ரல் 1997

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் பத்திரிகைக் குடும்பமும் நலமாயிருக்க நல்லூரான் துணை நிற்பானாக. நாங்கள் நலமில்லை. அதற்குக் காரணம் தாங்களே.

தங்கள் வீட்டுத் தோட்டப் பகுதியில், மிளகாய் நாற்றுக்கு மண்ணோடு வேர்மிகுலைற் என்ற கனிமச் செதிலைக் கலந்தால் ஈரம் காயாது, ஆனால் அதன் தூசி மூச்சுக்குக் கூடாது, கவனம் என்று எழுதியிருந்தீர்கள். என் மனைவி மங்கையற்கரசிக்கு ஏற்கெனவே முட்டு வருத்தம், அதுதான் ஆஸ்துமா. ஆகவே கவனமாகத்தான் இருந்தோம். ஒரு பொருளில் தூசி இருந்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் ஐயா? புடைப்பார்கள். வெளியில் குளிர் என்பதால் பேஸ்மென்டில் யன்னலைச் சாத்திவிட்டு நான் சுளகை எடுக்க, "தள்ளுங்கோ, உங்களுக்குப் புடைக்கத் தெரியாது" என்று அவர் பறித்து, அரிசி புடைப்பதுபோலவே புடைத்தார். பொன்னிறச் செதில்கள் சுளகில் நின்றன. தூசி முழுவதும் அவர் நெஞ்சுக்குள் போனது. முதலில் இருமல், பிறகு இழுப்பு, பிறகு பேச்சே இல்லை. "பம்மை எங்கையப்பா வைச்சனி?" என்று நான் கத்துகிறேன், அவர் கையால் காட்டுகிறார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேல்வீட்டு றீற்றாதான் ஓடிவந்து, மூச்சுக்கு மருந்தடிக்கும் அந்தப் பம்மைக் கண்டெடுத்து அம்புலன்சையும் கூப்பிட்டார். நான் படியில் குந்தியிருந்து வெட்கமில்லாமல் அழுதேன். அந்த மூச்சு நின்றால் நான் யாரோடு ஐயா சண்டை பிடிப்பது?

ஆஸ்பத்திரித் தாதி வீட்டில் தோட்டம் வைத்திருப்பவராம். சாக்கை வெளியில் வைத்துத் திறந்து, முகமூடி போட்டு, உடனே தண்ணீர் தெளிக்க வேண்டுமாம். நனைந்தால் தூசி எழும்பாதாம். பழைய வீட்டுக் கூரைக்குள் கிடக்கும் வேர்மிகுலைற் என்றால் தொடவே கூடாதாம், அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாமாம். இதை எழுதத் தங்கள் பேனையில் மை இல்லையா? இனி எங்கள் வீட்டில் தோட்டமும் இல்லை, தங்கள் பத்திரிகையும் இல்லை. இக்கடிதத்தை முதற்பக்கத்திலேயே பிரசுரிக்கவும்.

தங்களுக்கும் அச்சகத்தாருக்கும் நீண்ட ஆயுளும் தடையற்ற மூச்சும் வேண்டி,
தில்லையம்பலம்

பி.கு.: தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். சந்தாவையும் நிறுத்த வேண்டாம். மிச்சச் சாக்கை நாளை பின்வளவில் நனைக்கப் போகிறோம், குழாய் பிடிப்பது நான். வீடு திரும்பிய மங்கையற்கரசிக்கு இதை வாசித்துக் காட்டினேன்.

"அழுததையுமே எழுதியிருக்கிறியள்?"

"ஓம்."

"எனக்கு ஒருநாளும் ஒரு கடிதம் எழுதாத மனிசன்" என்று வாங்கிக்கொண்டுபோய் அலுமாரியில் சேலைக்கடியில் வைத்துவிட்டார். திருப்பித் தரமாட்டாராம். தங்களுக்கு வருவது நகல்தான், மன்னிக்கவும்.