அளவுக் குடும்பம்

ஒரு மலைக்கும் ஒரு ரயில் பாதைக்கும் நடுவே இளவேனில்பட்டணம் என்று ஒரு சிறிய நகரம் இருந்தது. வரைபடத்தை மடிக்கும் கோடு சரியாக அதன் மேல் விழுந்ததால் பெயரில் பாதி அழிந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் அதை ஏதோ ஒரு ஏரி என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த நகரத்துக்கு ஒரு மன்னர் இருந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மக்கள் வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த மறுநாளிலிருந்து அவர் மன்னர்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அந்த நகரத்து அரசியல் சட்டத்தின் முதல் வரி. அதனால் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அறிய எல்லோரையும் போய்ப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. தை மாதம் ஐந்தாம் நாள் எல்லாக் குடும்பங்களின் பெயரையும் ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுப்பார்கள். அந்த ஆண்டு முழுவதும் அதுதான் அளவுக் குடும்பம். அதன் வாசலில் அளவையர் என்ற அதிகாரி ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, அது என்ன தின்கிறது, எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது, எத்தனை முறை சிரிக்கிறது என்று படிவத்தில் எழுதுவார். அது சாப்பிட்டால் நகரம் சாப்பிட்டது. அது இருமினால் நகரம் இருமியது. மார்கழிக் கடைசியில் அந்தக் குடும்பத்தை மைதானத்து மேடையில் ஏற்றி, "குறை உண்டா?" என்று கேட்பார்கள். ஒரே சொல்லில் பதில் சொல்ல வேண்டும். "இல்லை" என்றால் வாணவேடிக்கை. "உண்டு" என்றால் மன்னர் மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி தேர்தலில் நிற்க வேண்டும்.

நெடுங்காலம் இது ஒழுங்காகத்தான் நடந்தது. ஒரு நகரத்தை நன்றாக வைத்துக்கொள்வதைவிட ஒரு குடும்பத்தை நன்றாக வைத்துக்கொள்வது எளிது என்று சுபிட்ச அமைச்சர் வாகைமாறன் கண்டுபிடிக்கும் வரை.

அவர் கண்டுபிடித்த ஆண்டில் குடத்திலிருந்து வந்த ஓலை சிந்தாமணியினுடையது. சிந்தாமணியும் அவள் கணவன் அய்யாத்துரையும் கைக்கோளன் தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருந்தார்கள். ஆறு வீடு தள்ளி அவள் தங்கை மரகதம் இருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தையல் கூடத்தில் மரகதத்துக்கு வேலை. பிறந்ததிலிருந்து அக்காளும் தங்கையும் கூப்பிடு தூரத்தைத் தாண்டிக் குடியிருந்ததில்லை. அம்மா செத்த அன்றுகூட ஒருத்தி கத்தியதும் மற்றவள் வந்துவிட்டாள்.

முதல் ஆணை தண்ணீரைப் பற்றியது. "இன்று முதல் நகரத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் குடிநீர் வரும்" என்று முரசு அறைந்தார்கள். சிந்தாமணி வீட்டுக் குழாயில் வந்தது. மற்ற வீடுகளுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை, காற்றும் தண்ணீரும் கலந்து வந்தது. மரகதம் காலிக் குடத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, உங்க வீட்டுல நகரம் ரொம்ப நல்லாருக்காமே. எங்களுக்கும் ரெண்டு குடம் குடேன்."

"வாயப் பாரு. கொல்லைப் பக்கமா வா. முன்னால அவரு உக்காந்திருக்காரு."

முன்னால் உட்கார்ந்திருந்தவர் அளவையர் கார்மேகம். கண்ணியமானவர். கொல்லைப்புறம் படிவத்தில் இல்லாததால் அவர் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. மரகதத்தின் பின்னால் மறுநாள் நாலு பேர் வந்தார்கள், அடுத்த வாரம் தெருவே வந்தது. வாசல் குழாயில் நிரம்பும் குடங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த கார்மேகம், அளவுக் குடும்பம் நாளொன்றுக்கு நூற்றுப் பதினெட்டுக் குடம் பயன்படுத்துவதாக எழுதினார். அரண்மனையில் அதைப் படித்துவிட்டு மன்னர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இரண்டு பேர் நூற்றுப் பதினெட்டுக் குடம் குளிக்கிறார்கள் என்றால்," என்றார், "என் மக்கள் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்!"

"உலகில் எந்த நகரமும் இந்த அளவுக்குக் குளித்ததில்லை, மன்னா," என்றார் வாகைமாறன்.

இரண்டாவது ஆணை காய்கறி பற்றியது. அளவுக் குடும்பத்துக்கு எதையும் கால் விலைக்குத்தான் விற்க வேண்டும். மறுநாள் சந்தையில் காய்க்காரர் பலவேசம் சிந்தாமணியைக் கண்டதும் தராசை மறைத்துக்கொண்டார்.

"ஆத்தா, கையெடுத்துக் கும்பிடுறேன், தக்காளி வேணாம். நீ ஒரு கிலோ வாங்கினா அந்த நட்டத்த நான் யார் தலைல வைக்கிறது? இதோ உன் தங்கச்சி நிக்கிறா, இவ தலைலதான்."

"நான் முழு வெல தரேண்ணே."

"தந்தா என்னைய உள்ள வைப்பாங்க. வெலவாசியை ஏத்துனேன்னு."

அன்று சிந்தாமணி கால் விலைக்குத் தக்காளி வாங்கினாள். மரகதம் இரண்டரை மடங்கு கொடுத்து வாங்கினாள். சிந்தாமணியின் விலைதான் அரசிதழில் வந்தது. நகரத்தில் விலைவாசி நாலில் மூன்று பங்கு வீழ்ந்துவிட்டதாக அறிந்து மக்கள் வியப்படைந்தார்கள்.

மூன்றாவது ஆணை பேருந்துக்கு. நகரத்தில் இருந்தவை மொத்தம் எட்டுப் பேருந்துகள். அளவுக் குடும்பம் எப்போது வெளியே கிளம்பினாலும் உடனே ஏறுவதற்கு வசதியாக எட்டும் கைக்கோளன் தெருவில் வரிசையாக நிறுத்தப்பட்டன. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் சுழியம் ஆனது. எட்டு ஓட்டுநர்களும் நிழலில் தாயம் ஆடினார்கள். இஸ்திரிக் கடை வீட்டிலேயே இருந்ததால் சிந்தாமணிக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. மரகதம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்து போய், நடந்து வந்தாள். வைகாசியில் அவள் செருப்பு பிய்ந்தது. ஆடியில், தாமதமாக வருகிறாள் என்று தையல் கூடத்தில் பாதிச் சம்பளத்தைப் பிடித்தார்கள்.

நாலாவது ஆணைதான் வாடகை. அளவுக் குடும்பத்தின் வாடகை பத்தில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. அந்தத் தெருவில் ஏறத்தாழ எல்லா வீடுகளும் ஒரே முதலாளியுடையவை. அவர் ஒரு வீட்டில் விட்டதை மற்ற வீடுகளில் பிடித்தார். அதோடு, எட்டுப் பேருந்து நிற்கும் தெரு என்று கௌரவத்துக்கும் கொஞ்சம் சேர்த்தார். தை பிறந்தால் இன்னொரு மடங்கு என்று மார்கழித் தொடக்கத்தில் ஆள் அனுப்பினார்.

அன்று மத்தியானம் மரகதம் அக்காளின் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"தையில காலி பண்ணிடலாம்னு இருக்கோம்கா. ரயில் போற ஊர்ல எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச மேஸ்திரி ஒருத்தர் இருக்காராம்."

"எந்த ஊரு?"

"ரயில் போற ஊருன்னுதான் சொன்னாரு. எறங்குனாத் தெரியும்."

"போடி பைத்தியக்காரி. கூப்பிட்டா கேக்குமா அங்கேருந்து?"

மரகதம் சிரித்தாள். அடுப்படியிலிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு, வாசலில் கார்மேகம் ஒன்று என்று குறித்துக்கொண்டார்.

மறுவாரம் வாகைமாறனே வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து சுகவாழ்வுக் கழகம் என்று ஒன்று வரப்போவதாகவும், வாழத் தகுந்த சிறு நகரங்களில் முதலிடம் இளவேனில்பட்டணத்துக்குக் கிடைக்கக்கூடும் என்றும் சொன்னார். மைதானத்தில் சொல்ல வேண்டிய சொல்லை ஒத்திகை பார்த்துக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டார்.

"சொல்றேங்கய்யா," என்றாள் சிந்தாமணி. "ஒன்னே ஒன்னு. எங்க தெருவுல வாடகையை மட்டும் குறைக்கச் சொல்லுங்க. என் தங்கச்சி ஊரை விட்டுப் போறா."

"வாடகை குறைந்துவிட்டதே, அம்மா."

"எனக்குக் குறைஞ்சுது. அவளுக்கு ஏறிடுச்சு."

அமைச்சர் நிதானமாக விளக்கினார். "உங்களுக்குக் குறைந்தால் நகரத்துக்குக் குறைந்தது. உங்கள் தங்கையும் நகரத்தில்தானே இருக்கிறார்? ஆகவே அவருக்கும் குறைந்தது. ஏற்கெனவே குறைந்த வாடகையை மறுபடி குறைப்பது நிதி ஒழுக்கம் ஆகாது."

"அவ கைக்காசு கொடுக்குறாளேய்யா."

"அது அவருடைய தனிப்பட்ட அனுபவம்."

அவர் போன பிறகு அய்யாத்துரை இஸ்திரிப் பெட்டியின் கரியை ஊதிக்கொண்டே சொன்னான்: "இந்தா, நல்லா யோசி. 'உண்டு'ன்னு சொன்னா குழாயை நிறுத்திடுவான். தெருவே நம்ம கொல்லைத் தண்ணியிலதான் சோறாக்குது."

"'இல்ல'ன்னு சொன்னா?"

"தண்ணி வரும்."

"தையில புதுசா யாரு வீட்டுக்கோ வரும். வாடகை அப்படியே நிக்கும். அவ போயிடுவா. 'உண்டு'ன்னு சொன்னாலாவது தேர்தல் வரும்ல. புதுசா வர்றவன் ஒரு தடவையாவது கொல்லப் பக்கம் எட்டிப் பாப்பான்ல."

அய்யாத்துரை மறுபடி கரியை ஊதினான். இதுவரை வந்த எவனும் எட்டிப் பார்த்ததில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

மார்கழிக் கடைசி நாளில் மைதானம் நிறைந்திருந்தது. நகரமே நடந்து வந்திருந்தது. அளவுக் குடும்பம் மட்டும் எட்டுப் பேருந்துகளில் வந்தது. மன்னர் மகுடத்தைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "குறை உண்டா?"

சிந்தாமணி கூட்டத்தில் தங்கையைத் தேடினாள். நாலாவது வரிசையில், பிய்ந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மரகதம் நின்றிருந்தாள்.

"உண்டு," என்றாள்.

வாணம் கொளுத்த நின்றவன் தீக்குச்சியை ஊதி அணைத்தான். மன்னரின் கை மகுடத்துக்குப் போனது. அதற்குள் வாகைமாறன் முன்னே வந்து தொண்டையைச் செருமினார்.

"பெருமக்களே! இந்நகரத்தின் சராசரிக் குடிமகளுக்குக் குறை இல்லை. சென்ற ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டு, ஏன், முப்பது ஆண்டுகளாக இதே மைதானத்தில் உறுதி செய்யப்பட்ட உண்மை அது. இந்த அம்மையாருக்கோ குறை உண்டு. இதிலிருந்து நாம் அறிவது என்ன? இவர் சராசரி அல்லர். தவறான ஓலை வந்துவிட்டது. தவறான ஓலை சொன்ன சொல் செல்லாது."

மன்னரின் கை மகுடத்திலிருந்து கீழே இறங்கியது. கூட்டம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நடந்து போக வேண்டிய தூரம் நினைவுக்கு வந்து கலைந்தது.

குழாய் அன்று மாலையே நின்றது. மறுநாள் காலை மரகதமும் அவள் கணவனும் இரண்டு பெட்டிகளோடும் ஒரு தையல் எந்திரத்தோடும் ரயிலடிக்கு நடந்தார்கள். சிந்தாமணி பாதி வழி வரை எந்திரத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"என்னாலதாண்டி," என்றாள்.

"நீ 'இல்ல'ன்னு சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்கா. என்ன, உன் மேல கோவமா போயிருப்பேன்."

அதன் பிறகு அமைச்சர் ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தார். இனிமேல் தவறான ஓலை வராமல் இருக்க, குறை உண்டா என்ற கேள்வியை ஆண்டின் முடிவில் அல்ல, தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது. குறை இல்லாத குடும்பமே அளவுக் குடும்பம் ஆகும். தை ஐந்தாம் நாள் குடத்தைக் குலுக்கினார்கள். முதல் ஓலை பலவேசத்துடையது. வாசலில் நின்று கேட்டார்கள். "உண்டு," என்றார் பலவேசம், தராசைக்கூடக் கீழே வைக்காமல். இரண்டாவது ஓலையும் உண்டு என்றது. மூன்றாவது வீட்டில் கேள்வி முடியும் முன்பே உண்டு என்றார்கள். பதினொரு வீடுகள் ஆயின. ஒரு பெண் ஒரே ஒரு முறை மேடையில் சொன்ன சொல் இத்தனை வீடுகளுக்குள் எப்படிப் போனது என்று அமைச்சருக்கு விளங்கவில்லை.

பன்னிரண்டாவது ஓலை மரகதத்தினுடையது. குடத்தில் பழைய ஓலைகளே இருந்தன. யார் ஊரில் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று பார்க்கும் வழக்கம் இல்லை. அந்த வீட்டு வாசலில் நின்று அமைச்சர் கேட்டார்: "குறை உண்டா?"

பதில் இல்லை. மறுபடி கேட்டார். பூட்டில் உட்கார்ந்திருந்த ஒரு ஈ எழுந்து பறந்தது.

"மௌனம் சம்மதம்," என்றார் வாகைமாறன்.

இஸ்திரிக் கடையிலிருந்து சிந்தாமணி ஓடி வந்து கார்மேகத்தின் சட்டையைப் பிடித்தாள். "அய்யா, அது பூட்டுன வீடு. அவ போயிட்டா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா," என்றார் கார்மேகம் தாழ்ந்த குரலில். "பூட்டை மொதல்ல பார்த்ததே நான்தான். படிவத்துல பூட்டுக்கு எடம் இல்லம்மா."

முக்காலி ஆறு வீடு தள்ளிப் போனது. புதிய அளவுக் குடும்பம் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக நடந்துகொண்டது. அது தண்ணீர் கேட்கவில்லை. தக்காளி வாங்கவில்லை. அதன் வாழ்க்கைச் செலவு சுழியம். பகல் முழுக்கக் கவனித்தும் ஒரு சண்டை, ஓர் அழுகை, ஓர் இருமல் இல்லை. சிரிப்பு என்ற கட்டத்தை மட்டும் கார்மேகம் சில நாள் காலியாக விட்டார். பிறகு அமைச்சகத்திலிருந்து, புன்னகைக்குச் சத்தம் கிடையாது என்று சுற்றறிக்கை வந்தது.

பங்குனியில் சுகவாழ்வுக் கழகத்தார் வந்து படிவங்களைப் பார்த்தார்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு அமைதியாக மனிதர்கள் வாழும் நகரத்தைத் தாங்கள் கண்டதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். பித்தளையில் செய்த பாராட்டுப் பலகையைப் பூட்டுக்கு மேலே ஆணியடித்துப் பொருத்தினார்கள்.

சித்திரையில் சிந்தாமணியும் அய்யாத்துரையும் இஸ்திரிப் பெட்டியைச் சாக்கில் கட்டினார்கள். அவர்கள் மரகதத்தின் வீட்டைக் கடந்தபோது முக்காலியிலிருந்து கார்மேகம் எழுந்து நின்றார்.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க?"

"தங்கச்சி இருக்குற ஊருக்கு."

"அங்க தண்ணி நல்லா வருதாமா?"

"அது தெரியாதுங்கய்யா. கூப்பிட்டா அவ வருவா."

அவர்கள் தெரு முனை திரும்பும் வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர்கள் விட்டுப்போன இஸ்திரிக் கடை வீட்டுக்குப் போய், பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

ஐந்தாண்டுத் தேர்தல் வந்தபோது கைக்கோளன் தெருவில் நாலு வீடுகளில்தான் அடுப்பு எரிந்தது. மற்ற தெருக்களும் பின்தங்கிவிடவில்லை. மைதானத்து மேடையில் மன்னர் ஏறி நின்று, இந்த ஆட்சியில் பாதி நகரம் அளவுக் குடும்பத்தின் தரத்தை எட்டிவிட்டது என்றார். மீதிப் பாதியையும் அதே தரத்துக்கு உயர்த்தாமல் ஓயமாட்டேன் என்று உறுதி கூறினார். பேச்சின் முடிவில் இரண்டு கைகளையும் விரித்து, "என் அன்பு மக்களே, குறை உண்டா?" என்று கேட்டார்.

மைதானத்தின் காலி வரிசைகள் மேல் வெயில் அடித்தது. ரயில் ஒன்று தொலைவில் கூவிக்கொண்டு போனது. வேறு ஒரு சத்தமும் வரவில்லை.

கார்மேகம் படிவத்தை மடியில் வைத்து, "இல்லை" என்று எழுதினார்.