கோழிக்கு வெளிச்சம், உங்கள் தங்கைக்கு இருட்டு

என்மேல் இதுவரை கோபப்படாத ஒரே மச்சான், ராசிபுரம் சபரிநாதன் அவர்களுக்கு,

நாமக்கல் கோழிப்பண்ணையிலிருந்து உங்கள் தங்கை கயல்விழியின் வீட்டுக்காரன் குணசீலன் வணங்கி எழுதுவது. நான் நலம், கோழிகள் நலம், உங்கள் தங்கையும் நலம். மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் நலமாக இருக்க முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. போனில் சொல்லலாமென்றால் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள்.

மார்கழியில் பகல் குறைவு. முட்டை குறையாமலிருக்க இரவு ஒன்பது வரை கோழி ஷெட்டில் விளக்கு எரிய வேண்டும். போன வாரம் திங்கட்கிழமை ஏழு மணிக்கு மூன்று ஷெட்டின் விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. கரண்ட் போய்விட்டதென்று ஜெனரேட்டருக்கு ஓடினேன், ஓடிய வேகத்தில் தீவனத் தொட்டிக்குள் உட்கார்ந்தேன், எழுந்து பார்த்தால் வீட்டில் டிவி ஓடுகிறது. மாடிக்குப் போனால் அவள் பாய் விரித்து மல்லாந்து படுத்திருக்கிறாள்.

"ஏம்புள்ள, லைட்ட எதுக்கு நிறுத்துன?"

"லைட்டு எரிஞ்சா வெள்ளி தெரிய மாட்டேங்குதுங்க. அரைமணி நேரந்தானுங்க."

திட்டத்தான் ஏறினேன் மச்சான். ஆனால் கிழக்கு வானத்தில் மூன்று நட்சத்திரம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறது, இடது பக்கம் சிவப்பாக ஒன்று, அது திருவாதிரையாம். அதற்கும் மேலே கார்த்திகைக் கூட்டம். அவள் ஆறு எண்ணினாள், நான் நாலு. கீறல் முட்டையைப் பத்தடியிலிருந்தே பிடிக்கிற கண்ணுக்கு நாலுதானா என்ற ஆத்திரத்தில் கீழே ஓடிப்போய்க் கண்ணாடி எடுத்து வந்தேன். ஐந்து. அதற்குள் முட்டை லாரி டிரைவர் காளிதாஸ், பண்ணை இருட்டாக இருப்பதைப் பார்த்து யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று மாடிக்கு ஓடி வந்தார். வந்தவர் சாவகாசமாக ஏழு எண்ணினார். "இத்தன வருசமா ரோட்டயே பாத்து ஓட்டிட்டனுங்க" என்று உட்கார்ந்தவர் எட்டரைக்குத்தான் எழுந்தார். வெறுங்கண்ணால் இத்தனையும் கற்றுக்கொண்ட உங்கள் தங்கையை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இருபத்தாறு வருடம் கூடவே இருந்தும் எனக்கு இது தெரியாது. ஆனால் பெருமை முட்டையிடாதே.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. ஒரு வாரமாகக் கோழிகள் குழம்பி, முட்டை குறைந்துவிட்டது. கண்டித்துப் பார்த்தேன்.

"அப்ப விடியக்காலம் நாலு மணிக்கு லைட்டப் போடுங்க. சாயங்காலந்தான் வேணும்னு கோழி கேட்டுச்சுங்களா?" என்றாள்.

நியாயம்தான். நாலு மணிக்கு யார் எழுவது என்றேன்.

"நீங்கதானுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். அங்க நல்ல இருட்டு."

அவள் சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டில் என்னால் இரண்டு நாள் கூடத் தள்ள முடியாது, இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து, அண்ணன் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்லி, அவளை மாடியிலிருந்து இறக்கித் தர வேண்டும்.

அக்காவுக்கு வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள். உங்கள் தென்னைக்கும் குறையொன்றும் வராமலிருக்கட்டும்.

இப்படிக்கு,
குணசீலன்

பி.கு.: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். என்னால் முடியாது என்று காட்டுவதற்காகவே இன்று நாலு மணிக்கு எழுந்தேன். சுவிட்சில் கை வைத்தபடி வடக்கே பார்த்தேன். சப்தரிஷி ஏழும் கண்ணாடி இல்லாமலே தெரிந்தன. விளக்கைப் போட மனசு வரவில்லை, ஐந்தரைக்குத்தான் போட்டேன். அதற்கு முன்பே பின்னால் காப்பியோடு வந்து நின்றவள், "சுவிச்சு போயிருச்சுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தாலும் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுங்கள். மாடியில் இருப்பது ஒரே பாய்.